பாலைவனத்தில் நின்ற 28 விமானங்கள்: பாகிஸ்தானின் எஃப்-16 கொள்முதல், ஒரு நிகழ்வு ஆய்வு

1990களின் முற்பாதியில், டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த் தொழிற்சாலையிலிருந்து புத்தம்புது எஃப்-16 போர் விமானங்கள் கிளம்பி, அரிசோனாவின் டேவிஸ்-மான்தன் விமானப்படைத் தளத்தில் போய் இறங்கின. வேலை முடிந்த பழைய விமானங்களை வரிசை வரிசையாக நிறுத்திவைக்கும் இடம் அது. வியட்நாமில் குண்டு போட்டுத் திரும்பிய கிழட்டு விமானங்களுக்கு நடுவே, சில மணி நேரம் மட்டுமே பறந்த 28 விமானங்கள். வாங்கியவர் பாகிஸ்தான். அவற்றுக்கான பணம் கட்டப்பட்டிருந்தது. விமானம் மட்டும் கைக்கு வரவில்லை.

ஆயுதக் கொள்முதல் பற்றிப் பேசும்போது நாம் வேகம், ஏவுகணை, ரேடார், விலை என்று பேசிவிட்டுப் போய்விடுகிறோம். விற்கிற நாடு "கொடுக்க மாட்டேன்" என்று சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த ஒரு கொள்முதலைப் போல விடை சொல்லும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. இதில் வருகிறவர்களைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். அந்த நாற்காலிகளில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கதை மாறவில்லை.

பின்னணி: வேர்க்கடலையிலிருந்து 320 கோடி டாலர் வரை

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதுவரை அணு ஆராய்ச்சி காரணமாகப் பாகிஸ்தானுக்கு உதவியை நிறுத்திவைத்திருந்த அமெரிக்கா, சில வாரங்களிலேயே 40 கோடி டாலர் தருகிறேன் என்று முன்வந்தது. பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் அதை "வேர்க்கடலை" என்று சொல்லித் தட்டிவிட்டார். அப்போதைய அமெரிக்க அதிபரின் குடும்பத் தொழில் வேர்க்கடலை சாகுபடி. குத்தல் வாஷிங்டனுக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

அடுத்து வந்த அதிபர் 1981இல் ஆறாண்டுகளுக்கு 320 கோடி டாலர் என்று தொகையை உயர்த்தினார். அதோடு சேர்ந்து வந்ததுதான் 40 எஃப்-16 விமானங்களுக்கான ஒப்பந்தம், சுமார் 110 கோடி டாலர். அமெரிக்கத் தரப்பு முதலில் திறன் குறைந்த வகைகளைத் தள்ளிவிடப் பார்த்தது. பாகிஸ்தான் விமானப்படைத் தலைமை அசையவில்லை. அமெரிக்க விமானப்படை பறக்கும் அதே எஃப்-16 வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம் என்றது. முதல் தொகுதி தயாரானபோது, எதிரி ரேடார் தன்னைக் குறிவைப்பதை விமானிக்குச் சொல்லும் எச்சரிக்கைக் கருவி பழைய வகையாக இருந்தது. புதிய ஏஎல்ஆர்-69 பொருத்தித் தந்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்று அங்கேயும் ஒரு பிடிவாதம். அமெரிக்கா இறங்கி வந்தது. 1983 ஜனவரி 15 அன்று முதல் எஃப்-16 பாகிஸ்தானின் சர்கோதா தளத்தில் இறங்கியது.

இந்தப் பிடிவாதம் பலித்ததுதான் பின்னால் வந்த தப்புக் கணக்குக்கு விதை என்பது என் கணிப்பு. கேட்டால் கிடைக்கும், கொஞ்சம் முறுக்கினால் இன்னும் கிடைக்கும் என்ற நம்பிக்கை அங்கே ஊறிப்போனது. ஆனால் கிடைத்ததற்கு உண்மையான காரணம் ஆப்கானிஸ்தானில் நின்ற சோவியத் டாங்கிகள்.

பக்கத்து நாட்டில் நடந்தது

டெல்லி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான மறு வருடமே, 1982இல், பிரான்சிடம் 40 மிராஜ்-2000 விமானங்களுக்கு இந்தியா கையெழுத்துப் போட்டது. 1985 ஜூனில் அவை குவாலியரில் இறங்கின. 1984இல் மிக்-29க்கு ஒப்பந்தம். சோவியத் யூனியன் அந்த விமானத்தை முதன்முதலில் விற்ற வெளிநாடு இந்தியாதான், 1987க்குள் அவை படையில் சேர்ந்தன. தேஜஸ் என்று இன்று நாம் அழைக்கும் இலகுரகப் போர் விமானத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்ததும் 1983இல், சர்கோதாவில் எஃப்-16 இறங்கிய அதே வருடம்.

40க்கு 40, அதற்கு மேல் மிக்-29. ஒரு தரப்பு வாங்கினால் மறு தரப்பு இரண்டு கடைகளில் வாங்குகிறது. இரண்டு கடை என்பதைக் கவனியுங்கள், இது பின்னால் முக்கியமாகும். பாகிஸ்தானோ தன் சிறந்த விமானம் முழுவதையும் ஒரே கடையில் வாங்கியது. பிரெஞ்சு மிராஜ்-3, மிராஜ்-5, சீனாவின் எஃப்-6 எல்லாம் படையில் இருந்தன. ஆனால் இந்தியாவின் புதிய விமானங்களுக்கு ஈடு சொல்லக்கூடியது எஃப்-16 ஒன்றுதான்.

சட்டத்தில் இருந்த வாக்கியம்

1985இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கொண்டுவந்த செனட்டரின் பெயரால் அது பிரஸ்லர் திருத்தம் என்று அழைக்கப்படுகிறது. சாரம் எளிது: பாகிஸ்தானிடம் அணு வெடிகருவி இல்லை என்று அமெரிக்க அதிபர் ஒவ்வொரு ஆண்டும் எழுத்தில் சான்று தர வேண்டும். சான்று இல்லாத வருடம் உதவியும் இல்லை, ராணுவத் தளவாடமும் இல்லை.

இதைப் பாகிஸ்தானுக்கு எதிரான சதி என்று அங்கே பலரும் பிற்பாடு சொன்னார்கள். உண்மை வேறு மாதிரி. அப்போது நாடாளுமன்றத்தில் இதைவிடக் கடுமையான ஒரு வரைவு சுற்றிக்கொண்டிருந்தது. அது நிறைவேறினால் உதவி உடனே நின்றிருக்கும். அதைத் தவிர்க்க அதிபரின் ஆட்கள் தேடிப் பிடித்த மென்மையான மாற்றுதான் இந்தத் திருத்தம். இஸ்லாமாபாத்துக்கும் அது தெரியும். ஆண்டுக்கொரு சான்று, அதிபர் நம்ம பக்கம், எழுதிக் கொடுத்துவிடுவார் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அவரும் எழுதிக் கொடுத்தார். 1985 தொடங்கி 1989 வரை, இரண்டு அதிபர்கள், ஐந்து சான்றுகள். பாகிஸ்தானின் அணு நிலையம் இருக்கும் கஹூட்டாவில், குண்டுக்கு உதவும்படி யுரேனியம் செறிவூட்டப்படுவது அமெரிக்க உளவுத்துறைக்குத் தெரிந்திருந்தும் எழுதப்பட்ட சான்றுகள் அவை. ஆப்கன் போர் நடக்கும்வரை யாரும் அந்தக் காகிதத்தை உரசிப் பார்க்க விரும்பவில்லை.

இரண்டாவது கொள்முதல்: 1988–89

1988 டிசம்பரில் பாகிஸ்தான் மேலும் 11 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது, இழந்த விமானங்களுக்குப் பதிலாக. 1989 செப்டம்பரில் அடுத்த 60, சுமார் 140 கோடி டாலர். மொத்தம் 71.

தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1989 பிப்ரவரி 15 அன்று கடைசி சோவியத் சிப்பாய் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறினார். ஜூனில் பாகிஸ்தான் பிரதமர் அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பேசி, தங்களிடம் அணு ஆயுதம் இல்லை, செய்யும் எண்ணமும் இல்லை என்றார். 60 விமான விற்பனைக்கு அதிபர் பச்சைக்கொடி காட்டினார். ஆகஸ்டில் பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, அதிகாரி ஒருவர் நாடாளுமன்றக் குழு முன்னால் வந்து, இந்த எஃப்-16களை அணுகுண்டு சுமக்கும்படி பாகிஸ்தானால் மாற்ற முடியாது என்ற பொருளில் சாட்சியம் தந்தார். அது உண்மையில்லை என்று உள்ளுக்குள் ஆட்சேபித்த இளநிலை ஆய்வாளர் ஒருவர் சில நாட்களில் வேலையை இழந்தார்.

அதாவது ஆப்கன் போருக்காக அமெரிக்கா சான்று எழுத வேண்டிய கட்டாயம் பிப்ரவரியிலேயே போய்விட்டது. ஒப்பந்தமோ செப்டம்பரில் போடப்படுகிறது. தன்னை வாங்க அனுமதித்த காரணம் காலாவதியான பிறகு அதுவரையிலான தன் மிகப் பெரிய விமான ஒப்பந்தங்களில் ஒன்றில் பாகிஸ்தான் கையெழுத்திட்டது. இந்த முழு விவகாரத்தில் எனக்கு மிகவும் விளங்காத முடிவு இதுதான். உரிய ஆட்கள் யாரும் கேள்வி கேட்கவில்லையா, கேட்டும் காதில் விழவில்லையா என்று தோன்றும்.

1990 அக்டோபர் 1

அந்த ஆண்டு காஷ்மீரில் பதற்றம் உச்சத்துக்குப் போனது. அதே காலகட்டத்தில் பாகிஸ்தான் அணுகுண்டுக்கான கடைசிப் படிகளைத் தாண்டிவிட்டது என்ற முடிவுக்கு வாஷிங்டன் வந்தது. ஆகஸ்ட் 6 அன்று இஸ்லாமாபாத்தில் அரசு கலைக்கப்பட்டு இடைக்கால அரசு வந்தது. அக்டோபரில் சான்று தர வேண்டிய நாள் வந்தபோது அமெரிக்க அதிபர் கையெழுத்திடவில்லை. உதவி நின்றது, தளவாடங்கள் நின்றன. பாகிஸ்தானில் பொறுப்பான முடிவெடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே அன்றைக்கு இல்லை.

71 விமானங்களில் ஒன்றுகூட அதுவரை கைமாறியிருக்கவில்லை.

தவணை கட்டிக்கொண்டே இருந்த வருடங்கள்

இனி வருவதைப் புரிந்துகொள்ள, அமெரிக்க அரசு வழி ஆயுத விற்பனை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். வாங்கும் நாடு நேரடியாகத் தொழிற்சாலையோடு ஒப்பந்தம் போடுவதில்லை. அமெரிக்க அரசோடு போடுகிறது. அமெரிக்க அரசு தன் பெயரில் தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுக்கிறது. விமானம் உருவாக உருவாகத் தவணை போகிறது. வாங்குகிறவரின் பணம் ஒரு கணக்கில் வந்து, உடனே தொழிற்சாலைக்குப் போய்விடும்.

ஆக 1990இல் தடை வந்தபோது தொழிற்சாலை நிற்கவில்லை. ஒப்பந்தம் உயிரோடு இருந்தது. அடுத்த தவணை கட்டலாமா வேண்டாமா என்ற கேள்வி இஸ்லாமாபாத் முன்னால் நின்றது. பென்டகன் தரப்பில் சொல்லப்பட்டது இது: கட்டாமல் விட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள், கட்டிக்கொண்டே இருந்தால் தடை நீங்கும் நாளில் விமானம் உங்களுக்கு.

சென்னையில் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, கட்டுமான அனுமதி சிக்கலில் மாட்டியவர்களுக்கு இந்த இடம் சொல்லாமலே புரியும். நிறுத்தினால் கட்டியதும் போகும். தொடர்ந்தால் போவது இன்னும் கூடும். பெரும்பாலும் மனிதர்கள் தொடரத்தான் செய்கிறார்கள்.

பாகிஸ்தானும் தொடர்ந்தது. கட்டிய மொத்தம் சுமார் 65.8 கோடி டாலர். 1994 இறுதிக்குள் 28 விமானங்கள் உருவாகியிருந்தன, மீதி 43 உருவாக்கப்படவே இல்லை.

தொடர்ந்ததற்கு அன்று சொல்லப்பட்ட காரணங்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. முன்பும் தடை வந்திருக்கிறது, முன்பும் நீங்கியிருக்கிறது: 1965 போரின்போது, 1979இல். அமெரிக்கா திரும்பி வரும் என்பது அனுபவம். ஆனால் 1965லும் 79லும் அமெரிக்காவுக்குத் திரும்பி வர ஒரு காரணம் இருந்தது. 1991இல் சோவியத் யூனியனே இல்லாமல் போனபின் அந்தக் காரணம் எங்கிருந்து வரும் என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

பாலைவனத்தில் என்ன செய்தார்கள்

டேவிஸ்-மான்தனில் காற்றில் ஈரம் குறைவு, மண் கெட்டி. விமானத்தைத் தரை மேலேயே நிறுத்தலாம், கான்கிரீட் போட வேண்டியதில்லை. நிறுத்தும் முன் எரிபொருளை வடித்து, எரிபொருள் குழாய்களில் மெல்லிய எண்ணெயை ஓடவிடுவார்கள். எஞ்சின் வாய், இடுக்குகள், விமானியறைக் கண்ணாடி ஓரம் எல்லாவற்றையும் நாடா ஒட்டி அடைப்பார்கள். அதன்மேல் உரித்து எடுக்கக்கூடிய பூச்சு தெளிப்பார்கள். முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை. வெயிலை வெள்ளை திருப்பி அனுப்பும், உள்ளே சூடு ஏறாது. தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கும் வாய்க்கும் கட்டுப் போட்ட விமானம் மாதிரி இருக்கும்.

இந்த நிலையில் நிறுத்திவைக்கும் செலவும் பாகிஸ்தான் தலையில் விழுந்தது. கராச்சியிலும் லாகூரிலும் அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்த புகார் இதுதான்: எங்கள் பணத்தில் செய்த விமானம், எங்களுக்குத் தரவும் மாட்டார்கள், நிறுத்த வாடகையும் நாங்களே கொடுக்க வேண்டும்.

இன்னொரு காட்சியும் அங்கே ஓடியது. 1992 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஃபோர்ட் வொர்த் தொழிற்சாலைக்கே போய், தைவானுக்கு 150 எஃப்-16 விற்கப்போவதாக அறிவித்தார். தேர்தல் வருடம், டெக்சாஸில் வேலைகள். சீனா கொதித்தது. அதே தொழிற்சாலையில் பாகிஸ்தானுக்கான விமானங்கள் தடையோடு உருவாகிக்கொண்டிருந்தன. சட்டம், கொள்கை, அணு ஆயுதப் பரவல் என்று எத்தனை பேசினாலும் யாருக்கு விற்பது என்ற முடிவு எங்கே எப்படி எடுக்கப்படுகிறது என்பதற்கு இந்த ஒரு மேடை போதும்.

தீர்வு தேடிய முயற்சிகள்

1994இல் அமெரிக்கா ஒரு பேரம் முன்வைத்தது. அணுகுண்டுக்கான பொருள் உற்பத்தியை நிறுத்தி, அதைச் சரிபார்க்க அனுமதித்தால் விமானங்களை விடுவிக்கப் பார்க்கிறோம் என்றது. பாகிஸ்தான் ராணுவத் தலைமை மறுத்தது. இந்தியா அப்படிச் செய்யாதபோது நாங்கள் மட்டும் ஏன் என்பது அவர்கள் பக்க வாதம். அணு ஆயுதம் இருக்கும்போது 28 விமானம் எதற்கு என்ற எண்ணமும் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும். இங்கே தடையின் நோக்கமே தலைகீழாகிவிட்டது. அணு அல்லாத மரபு ஆயுதத்தில் பக்கத்து நாட்டை எட்டிப்பிடிக்கும் வழி அடைபட்டதால், குண்டின் மீதான பிடிமானம் இறுகியது.

1995 ஏப்ரலில் பாகிஸ்தான் பிரதமர் வாஷிங்டன் வந்தபோது, பணத்தையும் வைத்துக்கொண்டு விமானத்தையும் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று அமெரிக்க அதிபரே வெளிப்படையாகச் சொன்னார். சொன்னாரே தவிர, திருப்பித் தரப் பணம் அவரிடம் இல்லை. அது தொழிற்சாலைக்குப் போய் விமானமாக நின்றுகொண்டிருந்தது. ஆக வேறொரு ஆளிடம் விற்றால்தான் பணம். அந்த ஆண்டு வந்த இன்னொரு திருத்தம் மூன்று கடல் கண்காணிப்பு விமானங்கள் உட்பட 36.8 கோடி டாலர் மதிப்புள்ள மற்ற தளவாடங்களை விடுவித்தது. எஃப்-16 மட்டும் விடுபடவில்லை.

இந்தோனேசியா ஒன்பது விமானங்கள் வாங்க ஒப்புக்கொண்டது. கிழக்குத் திமோர் மனித உரிமைப் பிரச்சினையை அமெரிக்க நாடாளுமன்றத்தில் கிளப்பியதும் 1997 ஜூனில் அது கோபித்துக்கொண்டு விலகியது. 1998 டிசம்பரில் நியூசிலாந்து 28 விமானங்களையும் பத்தாண்டுக் குத்தகைக்கு எடுக்க முன்வந்தது. அடுத்த தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய அரசு 2000 மார்ச்சில் அதை ரத்து செய்து, 2001 இறுதியில் தன் போர் விமானப் பிரிவையே கலைத்துவிட்டது. பக்கத்தில் பகை நாடு இல்லாதவர்களுக்குக் கிடைக்கும் வசதி அது.

நடுவே 1998 மே மாதம். 11, 13 தேதிகளில் இந்தியா பொக்ரானில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தது. பாகிஸ்தானைத் தடுக்க அமெரிக்கத் தூதுக்குழு இஸ்லாமாபாத் ஓடியது. பேச்சில் எஃப்-16களும் வந்தன. எட்டு ஆண்டாகத் தராமல் வைத்திருப்பதைக் காட்டி ஒருவரைச் சமாதானப்படுத்த முடியுமா? மே 28 அன்று சாகாய் மலையில் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடித்தது.

பாகிஸ்தான் வழக்கு போடத் தயாராகியிருந்தது. அந்த டிசம்பரில், நீதிமன்றத்துக்குப் போகாமலே தீர்த்துக்கொண்டார்கள். ஏற்கெனவே திரும்பியிருந்த ஒரு பகுதி போக, சட்டத் தகராறுகளைத் தீர்க்க அமெரிக்கக் கருவூலத்தில் உள்ள நிதியிலிருந்து 32.46 கோடி டாலர் ரொக்கம். மீதி 14 கோடி டாலருக்குப் பொருள், கோதுமை உட்பட. போர் விமானத்துக்குக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு மூட்டையாகத் திரும்பி வந்தது.

இடையில் படை என்ன ஆனது

1981 ஒப்பந்தத்தில் வந்த 40இல் 1990களின் இறுதியில் சுமார் 32 மிஞ்சின. உதிரிபாகம் கிடைப்பது திண்டாட்டம் ஆனது. ஓட்டையை அடைக்க, ஆஸ்திரேலியா ஓய்வு கொடுத்த 50 மிராஜ்-3 விமானங்களை 1990இல் வாங்கி, தன் கம்ரா பட்டறையில் பிரித்துப் பூட்டினார்கள். சீனாவிலிருந்து எஃப்-7 வகை வந்துகொண்டே இருந்தது. பிரான்சின் மிராஜ் 2000-5க்குப் பேசிப் பார்த்தார்கள், விலை கட்டுப்படியாகவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் நிம்மதி இல்லை. சோவியத் யூனியன் உடைந்தபின் மிக் விமானங்களுக்கான உதிரிபாகம் எந்தப் புதிய நாட்டில் இருக்கிறது என்று இந்திய அதிகாரிகள் தேடி அலைந்த காலம் அது. ஆனாலும் 1996 நவம்பரில் இந்தியா 40 சுகோய்-30க்குக் கையெழுத்திட்டது. பின்னர் நாசிக்கில் அவற்றை இங்கேயே தயாரிக்கும் உரிமையையும் வாங்கியது. 1999 கார்கில் போரில் இந்திய மிராஜ்-2000கள் லேசர் வழிகாட்டிக் குண்டுகளோடு மலைமுகடுகளைத் தாக்கியபோது, பாகிஸ்தானின் எஃப்-16கள் தங்கள் பக்க எல்லைக்குள் காவல் பறந்ததோடு சரி. அந்தப் போரில் விமானப்படை ஒதுங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் உதிரிபாகத்தின் மேல் போட முடியாது. ஆனால் தேய்ந்த படையோடு பெரிய சண்டைக்குப் போக யாருக்கும் தைரியம் வராது என்பதும் உண்மை.

விமானங்களின் முடிவு

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஆப்கானிஸ்தான் மறுபடி அமெரிக்காவின் கவலை ஆனது. தடைகள் நீங்கின. ஆனால் அந்த 28 விமானங்களையும் அமெரிக்காவே எடுத்துக்கொண்டது. பாதி விமானப்படைக்கு, பாதி கடற்படைக்கு. கடற்படை அவற்றை நெவாடாவின் ஃபாலன் தளத்தில், தன் விமானிகளுக்குப் பயிற்சிச் சண்டையில் எதிரியாக நடிக்கும் விமானங்களாக, எதிரி நாட்டு வண்ணம் பூசிப் பறக்கவிட்டது.

2005 மார்ச்சில் எஃப்-16 விற்பனை மீண்டும் திறந்தது. அந்த டிசம்பர் தொடங்கி 2008 வரை 14 பழைய விமானங்கள் பாகிஸ்தானுக்கு வந்து சேர்ந்தன. உபரித் தளவாடம் என்ற கணக்கில் வந்த இவை, முன்பு தடையில் சிக்கிய அதே தொகுதி. பணம் கட்டிய விமானம் பதினைந்து வருடம் கழித்து, கையிருப்பில் மிஞ்சியது என்ற பெயரில் வீடு வந்தது.

2006இல் 18 புதிய எஃப்-16க்கும் ஒப்பந்தம் ஆனது. இந்த முறை நிபந்தனைகள் வேறு மாதிரி. குறிப்பிட்ட தளங்களில் மட்டும் நிறுத்த வேண்டும், வேற்று நாட்டார் அருகில் வரக்கூடாது, அமெரிக்க ஆட்கள் வந்து பார்வையிடுவார்கள். வேற்று நாட்டார் என்றால் சீனர் என்று படிக்கவும். முதல் விமானங்கள் 2010 ஜூனில் ஜேக்கோபாபாத் தளத்தில் இறங்கின. 2016இல் மேலும் எட்டு வாங்கப் பேசியபோது, விலையில் பெரும்பகுதிக்கு அமெரிக்க உதவித்தொகையைப் பயன்படுத்த நாடாளுமன்றம் விடவில்லை. முழு விலையையும் கொடுக்க பாகிஸ்தானுக்கு மனம் இல்லை. அது அப்படியே போயிற்று.

எதை வேறு மாதிரி செய்திருக்கலாம்

முதலாவது, 1989 செப்டம்பர் கையெழுத்து. 60 விமானங்களையும் ஒரே மூச்சில் ஒப்பந்தம் போடாமல், ஒவ்வொரு ஆண்டும் சான்று வந்தபின் அடுத்த தொகுதி என்று உடைத்திருக்கலாம். சட்டத்தின் கடிகாரம் ஆண்டுக்கொரு முறை அடிக்கிறது என்றால் ஒப்பந்தமும் அதே கடிகாரத்தில் ஓடியிருக்க வேண்டும். தனி விலை கொஞ்சம் ஏறியிருக்கும். ஆனால் 1990இல் சிக்கும் தொகை மிகவும் குறைந்திருக்கும்.

இரண்டாவது, தடை வந்தால் யார் என்ன செய்வது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்: தவணை தானாக நிற்கும், கட்டியது இத்தனை மாதத்தில் திரும்பும், நிறுத்தும் செலவு விற்றவருடையது. அமெரிக்க அரசு தன் நிலையான படிவத்தில் அப்படிப்பட்ட வாசகத்தைச் சேர்க்க லேசில் ஒப்புக்கொள்ளாது. 1989இல் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். கேட்டிருந்தால், அவர்கள் மறுக்கும் விதத்திலிருந்தாவது ஆபத்தின் அளவு தெரிந்திருக்கும்.

மூன்றாவது, 1990 அக்டோபருக்குப் பிறகு கட்டிய ஒவ்வொரு தவணையும். அடுத்த தவணைக்கு முன், தடை நீங்க என்ன நடக்க வேண்டும், அது நடக்க யாருக்கு என்ன ஆதாயம் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்திருந்தால் கை நின்றிருக்கும். அந்த வேலைக்கு விமானப்படை ஆட்களை விட்டுவிட்டு நிதித்துறை ஆள் ஒருவரை உட்கார வைத்திருக்க வேண்டும். விமானத்தை விரும்புகிறவர் கையில் காசோலைப் புத்தகம் இருக்கக்கூடாது.

நான்காவதாக எல்லோரும் சொல்வது, ஒரே கடையில் வாங்காதே என்பது. பாகிஸ்தான் இந்தப் பாடத்தைப் படித்த விதம் சுவாரசியமானது. 1990களில் சீனாவோடு சேர்ந்து தன் சொந்த விமானத்துக்கு இறங்கியது. அதுதான் ஜேஎஃப்-17. 2003இல் செங்டுவில் முதன்முதலாகப் பறந்தது, 2007இல் பாகிஸ்தானுக்கு வந்தது. இனி எவனும் கதவை மூட முடியாது என்பதுதான் திட்டத்தின் கருத்து. 2022 மார்ச்சில் சீனாவின் ஜே-10சி வேறு படையில் சேர்ந்தது. 2020 முதல் 2024 வரை பாகிஸ்தான் இறக்குமதி செய்த ஆயுதங்களில் 81 சதவீதம் சீனாவிலிருந்து என்று ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கடை மாறியிருக்கிறது.

ஜேஎஃப்-17இன் எஞ்சினோ ரஷ்யாவின் ஆர்டி-93. சீனா அதை வாங்கிப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க மாஸ்கோவின் சம்மதம் தேவைப்பட்டது. இந்தியா ஆட்சேபித்துப் பார்த்தது, ரஷ்யா கடைசியில் சம்மதித்தது. இந்தப் பக்கம் கோவை சூலூரில் பறக்கும் தேஜஸுக்கு எஞ்சின் அமெரிக்காவின் எஃப்-404. 1998 சோதனைக்குப் பிறகு அதே அமெரிக்கா இந்தத் திட்டத்துக்கும் தடை போட்டு, கூட வேலை செய்துகொண்டிருந்த இந்தியப் பொறியாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2021இல் 83 தேஜஸ் மார்க்-1ஏவுக்கு இந்தியா ஒப்பந்தம் போட்டது. அவற்றுக்கான எஞ்சின்களில் முதலாவது, சொன்ன காலம் தாண்டி 2025 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது.